கூண்டுக்குள் நின்ற மனிதர்

இலண்டன் மாநகரின் பிளான்ட்ஃபோர்டு தெருவில் ஒரு புத்தகக் கடை இருந்தது. 1804ஆம் ஆண்டில் அந்தக் கடையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். அக்காலத்தில் நாளிதழின் விலை மிக அதிகம். எல்லாராலும் அதனை வாங்க இயலாது. எனவே, கடைக்காரர் நாளிதழை வாடகைக்கு விடுவார். சிறுவன் ஒரு வீட்டில் நாளிதழைக் கொடுப்பான். அவர்கள் படித்து முடித்ததும் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவான். வெயிலோ பனியோ, அவன் வேலையில் குறை வைத்ததில்லை. அந்தச் சிறுவனின் பெயர் மைக்கேல் ஃபாரடே.

ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் அவரால் தொடர்ந்து பட்டறையில் உழைக்க முடியவில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். உணவுப் பொருள்களின் விலை ஏறியிருந்த ஒரு காலத்தில், மைக்கேலுக்கு வாரம் முழுவதற்கும் ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்ததாம். பள்ளியில் அவர் கற்றது எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் மட்டுமே. அந்தக் கணக்கும் அவருக்குக் கடைசிவரை கைகொடுக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். இயற்பியலின் போக்கையே மாற்றிய ஒருவர், உயர்நிலைக் கணிதம் அறியாதவராகவே வாழ்ந்து மறைந்தார்.

ஓராண்டு கழிந்தது. கடை உரிமையாளர் ஜார்ஜ் ரிபோ, சிறுவனின் நேர்மையைக் கண்டு, புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றுத்தர முன்வந்தார். தொழில் பழக வருவோர் முதலாளிக்குப் பணம் கட்டுவதுதான் அன்றைய வழக்கம். ரிபோ அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. ஏழு ஆண்டுகள் ஃபாரடே தாள்களை அடுக்கினார், தைத்தார், பசை தடவினார், தோல் அட்டை போட்டார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படிக்கவும் செய்தார். ஒருநாள் கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி அவர் கைக்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று இருந்தது. ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூல் ஒன்றும் அவரை ஈர்த்தது. படித்ததை அப்படியே நம்பிவிடும் பழக்கம் அவரிடம் இல்லை. எதையும் செய்து பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும்.

செய்து பார்க்கப் பணம் வேண்டுமே! அவர் கையில் சில்லறைக் காசுகளே இருந்தன. அவற்றைக் கொண்டு பழைய கண்ணாடிப் புட்டிகளை வாங்கினார். புட்டியைச் சுழற்றி, அதன்மீது துணியோ தோலோ உராயும்படி செய்தால் மின்னூட்டம் சேரும். இதுவே உராய்வு மின்பொறி. சேர்ந்த மின்னூட்டத்தைத் தேக்கிவைக்க லேடன் சாடி என்னும் கண்ணாடிக் கலமும் வேண்டும். இவ்விரண்டையும் அவர் தம் கையாலேயே உருவாக்கினார். இருட்டிய பிறகு, வேலை முடிந்த அந்தக் கடையில் பொறி பறந்தது. இன்று வீட்டில் உயர் மின்னழுத்தக் கருவிகளைச் செய்து விளையாடும் இளைஞர்களுக்கு இந்தச் சிறுவரை மூத்த அண்ணன் என்று சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு. அவருடைய பொறியின் ஓசை அறையைத் தாண்டவில்லை. அன்று அண்டை வீட்டில் வானொலி இல்லை.

1812ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் ஒரு கதவு திறந்தது. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் நடைபெற்ற சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுகளை அவருக்குத் தந்தார். பேசியவர் சர் ஹம்ப்ரி டேவி. அக்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேதியியலாளர் அவர். ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளையும் கண்ணும் கருத்துமாகக் கேட்டு, குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவற்றை விரிவாக எழுதினார், படங்கள் வரைந்தார். பிறகு தமக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டு அந்தத் தாள்களை அழகிய நூலாகக் கட்டினார். அந்த நூலையும் ஒரு விண்ணப்பக் கடிதத்தையும் டேவிக்கு அனுப்பினார்.

டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால், வேலை எதுவும் காலியாக இல்லை. புத்தகம் கட்டும் தொழிலை விட்டுவிட வேண்டாம் என்றே அவர் அறிவுரை கூறி அனுப்பினார். சில வாரங்களில் நிலைமை மாறியது. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டேவிக்குப் புத்தகம் கட்டும் இளைஞனின் நினைவு வந்தது. 1813ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் ஃபாரடே பணியில் அமர்த்தப்பட்டார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங். தங்குவதற்கு அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அவர் வேலை சோதனைக் கருவிகளைக் கழுவி வைப்பதில்தான் தொடங்கியது.

அவ்வாண்டின் இறுதியில் டேவி தம்பதியர் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டனர். ஃபாரடேயும் உடன் சென்றார். வோல்டா, ஆம்பியர் போன்ற மேதைகளைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஆனால், டேவியின் மனைவி அவரை ஓர் அறிவியல் உதவியாளராக மதிக்கவில்லை. வேலைக்காரரைப் போலவே நடத்தினார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். இத்தகைய ஆசிரியரோடு பயணம் செய்யும் வாய்ப்பு மீண்டும் வாய்க்குமா?

பொறுமைக்கு மேலும் ஒரு சோதனை காத்திருந்தது. 1821ஆம் ஆண்டில், மின்னோட்டம் பாயும் கம்பி ஒன்று காந்தத்தைச் சுற்றித் தொடர்ந்து சுழலும்படி ஃபாரடே செய்து காட்டினார். இன்று மின்விசிறியிலும் சலவை இயந்திரத்திலும் சுழலும் மோட்டாரின் விதை அதுதான். அந்தக் கண்டுபிடிப்பை அவர் விரைந்து வெளியிட்டார். அதே துறையில் முன்பே சிந்தித்துக்கொண்டிருந்த வில்லியம் வோலஸ்டன் என்பவரின் பெயரை அதில் குறிப்பிடவில்லை. உடனே, பிறர் கருத்தைத் திருடினார் என்னும் பேச்சு எழுந்தது. உழைப்பையும் நேர்மையையும் தவிர வேறு சொத்தில்லாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவியே அதனை எதிர்த்தார். 1824ஆம் ஆண்டில் நடந்த வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கு மட்டும் ஃபாரடேக்கு எதிராக விழுந்தது; அவர் உறுப்பினரானார். கைதூக்கிவிட்ட குருவே குறுக்கே நின்றதை அவர் மறந்திருக்க மாட்டார். ஆயினும், டேவியைப் பற்றி அவர் என்றும் நன்றியோடுதான் பேசினார்.

இனி, நம் கதைக்கு மிகவும் வேண்டிய மூன்று சோதனைகளைப் பார்ப்போம்.

முதலாவது, 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் நடந்தது. ஃபாரடே ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு பக்கத்தில் செப்புக் கம்பியைச் சுற்றினார். மறுபக்கத்தில் வேறொரு கம்பியைச் சுற்றினார். கம்பிகள் ஒன்றையொன்று தொடாதிருக்க நூலையும் துணியையும் இடையிடையே வைத்தார். முதல் கம்பியில் மின்கலத்தை இணைத்தார். இரண்டாவது கம்பியின் அருகில் ஒரு காந்த ஊசி இருந்தது. மின்கலத்தை இணைத்த அதே கணத்தில் ஊசி துள்ளியது. பிறகு அசையாமல் நின்றது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் துள்ளியது. சீராக மின்னோட்டம் பாயும்போது ஒன்றும் நிகழவில்லை. அது மாறும்போது மட்டுமே மறுபக்கத்தில் மின்னோட்டம் தோன்றியது. மாற்றம்தான் சூட்சுமம் என்பதை அவர் உணர்ந்துகொண்டார். மின்னாக்கியும் மின்மாற்றியும் இந்த வளையத்திலிருந்தே பிறந்தன.

இரண்டாவது சோதனைதான் கூண்டு. 1836ஆம் ஆண்டின் தொடக்கம். ராயல் இன்ஸ்டிடியூஷனின் சொற்பொழிவு மண்டபத்தில் ஃபாரடே ஓர் அறையைக் கட்டினார். நீளம், அகலம், உயரம் எல்லாம் 12 அடி. மெல்லிய மரச் சட்டங்களால் அமைந்த கனசதுரம் அது. சட்டங்களின் குறுக்கும் நெடுக்குமாகச் செப்புக் கம்பிகளை வலைபோல் பின்னினார். அதன்மேல் காகிதத்தை ஒட்டி, வெள்ளீயத் தாள் பட்டைகளை எல்லாத் திசைகளிலும் பதித்தார். மொத்த அறையும் ஒரே உலோகக் கூடு போல ஆனது. தரையோடு மின்தொடர்பு இல்லாதபடி அதனைத் தாங்கிகளின்மீது நிறுத்தினார்.

பிறகு, பெரிய மின்பொறியைக் கொண்டு அந்த அறைக்கு மின்னூட்டம் ஏற்றப்பட்டது. வெளிச்சுவரின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நீண்ட பொறிகள் சீறிப் பாய்ந்தன. அருகில் நின்றவர் எவரும் அதனைத் தொடத் துணியமாட்டார். அத்தகைய நேரத்தில் ஃபாரடே எங்கே இருந்தார் தெரியுமா? அந்த அறைக்குள்ளேயே இருந்தார்!

எரியும் மெழுகுவர்த்திகளையும் மின்காட்டிகளையும் அவர் உள்ளே கொண்டுசென்றிருந்தார். மின்காட்டியில் உள்ள மெல்லிய தகடுகள் சிறிதளவு மின்னூட்டம் பட்டாலும் விலகிப் பிரியும். அவர் ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்தார். தகடுகள் அசையவே இல்லை. வெளியே புயல், உள்ளே அமைதி.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். உலோகத்தில் அவை தடையின்றி நகரவும் முடியும். எனவே, ஒன்றைவிட்டு ஒன்று முடிந்தவரை விலகியோடி வெளிப்பரப்பில் போய் நிற்கின்றன. உட்புறத்தில் அவற்றின் விளைவு எதுவும் எஞ்சுவதில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்ளின் இதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே, மின்னூட்டப்பட்ட உலோகக் கிண்ணம் ஒன்றில் இதனைக் கவனித்திருந்தார். கிண்ணத்தை அறையாக்கி அதற்குள் தாமே குடிபுகுந்தவர் ஃபாரடே. தம் கருத்து தவறாக இருந்தால் முதலில் அடிபடப்போவது தாமே என்பது அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், அறிவியல் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான சோதனைகள் சில இருக்கலாம். இவ்வளவு எளிமையான துணிச்சல் அரிது.

மூன்றாவது சோதனையை அவர் 1843ஆம் ஆண்டில் செய்தார். பனிக்கட்டி வைக்கும் உலோக வாளி ஒன்றைத் தரையோடு தொடர்பில்லாமல் வைத்தார். மின்னூட்டம் பெற்ற ஒரு பித்தளைக் குண்டை நூலில் கட்டி, வாளியின் சுவரில் படாமல் உள்ளே இறக்கினார். வாளியின் வெளிப்புறத்தோடு இணைக்கப்பட்டிருந்த மின்காட்டியின் தகடுகள் விரிந்தன. உள்ளே இருந்த மின்னூட்டத்திற்குச் சமமான மின்னூட்டம் வெளிச்சுவரில் தோன்றியிருந்தது. அப்படியென்றால், கூண்டு வெளியில் இருப்பதை உள்ளே விடாது. ஆனால், உள்ளே இருப்பதை மறைக்க வெறும் கூண்டு மட்டும் போதாது. கூண்டைத் தரையோடு இணைத்தால், வெளிச்சுவரில் தோன்றும் மின்னூட்டம் நிலத்துக்குள் இறங்கிவிடும். அப்போதுதான் இரகசியம் வெளியே தெரியாது. இந்த வாளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு உழைப்பும் அவர் உடலைப் பாதித்தது. ஐம்பது வயதை நெருங்கும்போது கடுமையான தலைச்சுற்றலும் மறதியும் அவரை வாட்டின. 1841ஆம் ஆண்டில் மனைவி சாராவோடு சுவிட்சர்லாந்துக்குச் சென்று ஓய்வெடுத்தார். நேற்று செய்த சோதனை இன்று நினைவில் இல்லை என்னும் நிலை ஓர் ஆய்வாளருக்கு எவ்வளவு கொடுமை! ஃபாரடே அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். செய்யும் ஒவ்வொன்றையும் எண்ணிட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது அவர் பழக்கம். வெற்றி பெற்றவற்றை மட்டுமல்லாமல், தோல்வி கண்டவற்றையும் எழுதினார். அந்தப் பத்திகளின் எண்ணிக்கை 16,000ஐத் தாண்டியது. மனம் கைவிட்டபோது குறிப்பேடு கைகொடுத்தது.

சிறுவர்களை அவர் மறக்கவில்லை. ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் காலத்தில் இளையோருக்கென நடக்கும் அறிவியல் சொற்பொழிவுகளை அவர் 19 முறை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் மையமாக வைத்து அவர் நிகழ்த்திய தொடர், நூலாக வெளிவந்து இன்றும் படிக்கப்படுகிறது. பட்டம் பதவிகளை அவர் விரும்பவில்லை. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை ஏற்க மறுத்தார். சர் என்னும் பட்டமும் வேண்டாம் என்றார். 1858ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அவர் வாழ ஒரு வீடு அளித்தார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், அந்த வீட்டில் தம் நாற்காலியில் அமர்ந்திருந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. இலண்டனின் ஹைகேட் இடுகாட்டில் எளிய கல் ஒன்றின் கீழே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் ஜெர்மனியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஃபாரடேயின் எண்ணங்களுக்கு ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்பவர் கணித வடிவம் கொடுத்திருந்தார். ஒளியைப் போலவே விரைந்து செல்லும் மின்காந்த அலைகள் உண்டு என்று அந்தக் கணக்குக் கூறியது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் அறிஞர் அதனைச் சோதித்தார். இரண்டு உலோகக் குண்டுகளுக்கிடையே உயர் மின்னழுத்தத்தால் பொறி பறக்கச் செய்தார். சற்றுத் தொலைவில், எதனோடும் இணைக்கப்படாத ஒரு கம்பி வளையம் இருந்தது. அதன் சிறு இடைவெளியிலும் மெல்லிய பொறி தோன்றியது! பொறி பறந்தால் அலை எழும் என்பது உறுதியானது.

வானொலி அதிலிருந்துதான் வளர்ந்தது. வானொலிக்கு வரும் தொல்லையும் அதிலிருந்துதான் வந்தது. நம் நாட்டில் மாலை நேரத்து இடிமழை புதிதன்று. பழைய மத்திய அலை வானொலியைத் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொரு மின்னலுக்கும் படபடவென்ற இரைச்சல் கேட்கும். மின்னல் என்பது வானத்தில் பறக்கும் மாபெரும் பொறியே.

அதே இரைச்சலை வீட்டிலும் உண்டாக்கலாம். நிக்கோலா டெஸ்லா 1891ஆம் ஆண்டில் உருவாக்கிய டெஸ்லா சுருள், உலகெங்கும் மின்னியல் ஆர்வலர்கள் விரும்பிச் செய்யும் கருவி. ஒரு நீண்ட குழாயில் மெல்லிய செப்புக் கம்பியை ஏறக்குறைய ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அதன் உச்சியில் ஓர் உலோக வளையம் இருக்கும். மின்விசையை முடுக்கினால், வளையத்திலிருந்து ஊதா நிறத்தில் நாக்கு நீட்டுவது போல் மின்பொறிகள் பாயும். காணக் கண்கோடி வேண்டும். இலட்சக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் அங்கே விளையாடுகிறது. தவறித் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் எவரும் அதனை நெருங்கக்கூடாது.

ஆபத்து இல்லாதவர்களுக்கும் அதனால் தொல்லை உண்டு. நடுத்தர அளவுள்ள டெஸ்லா சுருள் விநாடிக்குச் சில இலட்சம் முறை அதிர்கிறது. மத்திய அலை வானொலி நிலையங்கள் பயன்படுத்தும் அதிர்வெண்களுக்கு இது மிக அருகில் உள்ளது. போதாக்குறைக்கு, பொறி என்பது ஒரே சுருதியில் பாடுவதில்லை. தகரத்தைத் தட்டினால் எல்லாச் சுருதிகளும் கலந்து ஒலிப்பது போல, பொறியிலிருந்து எல்லா அதிர்வெண்களிலும் அலைகள் சிதறுகின்றன. அண்டை வீட்டுத் தாத்தா கேட்டுக்கொண்டிருக்கும் பழைய பாடல் கரகரத்துப் போகிறது. இதைச் சிறு தொல்லை என்று தட்டிக் கழித்துவிட முடியாது. அவசர உதவிக்கும் வானூர்திகளுக்கும் கூட வானொலி அலைகளே வழி. அதனால்தான் பல நாடுகளில் இதற்கெனச் சட்டங்கள் உள்ளன.

இந்த இரைச்சலை எப்படி அடக்குவது? இங்கேதான் நாம் மீண்டும் அந்த மூன்று சோதனைகளிடம் செல்ல வேண்டும்.

இரைச்சல் வீட்டைவிட்டு வெளியேற இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று காற்றுவெளி, மற்றொன்று மின்கம்பி. காற்றுவெளியை அடைப்பதற்குக் கூண்டு. ஆர்வலர்கள் தங்கள் டெஸ்லா சுருளைச் சுற்றிலும் மேலும் கீழும் கம்பி வலையால் கூண்டு அமைக்கிறார்கள். அறிவியல் உலகம் அதனை இன்றும் ஃபாரடே கூண்டு என்றே அழைக்கிறது. 1836இல் அவர் வெளியில் புயலை வைத்து உள்ளே நின்றார். இவர்கள் புயலை உள்ளே வைத்து வெளியே நிற்கிறார்கள். எனவே, வாளிச் சோதனை சொன்னபடி, கூண்டு நிலத்தோடு இணைக்கப்பட வேண்டும். சுருளின் அடிமுனைக்கும் நிலத்தில் ஆழமாக அடித்த தனி உலோகத் தண்டு தேவை. வீட்டு மின்சுற்றின் நிலக்கம்பியில் அதனை இணைத்தால், அந்தக் கம்பியே வீடு முழுவதும் இரைச்சலைப் பரப்பும் அலைக்கம்பியாக மாறிவிடும்.

கூண்டு என்றால் எந்த வலையும் சரியாகிவிடாது. வலைக்கண்கள் அலையின் நீளத்தைவிட மிகச் சிறியனவாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கதவை உற்றுப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிறு துளைகள் நிறைந்த உலோகத் தகடு தெரியும். உள்ளே சுழலும் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். துளையோ ஓரிரு மில்லிமீட்டர்தான். அலை அதில் நுழைய முடியாது. ஒளியின் அலை மிக மிகச் சிறியது என்பதால், சூடாகும் உணவு மட்டும் நமக்குத் தெரிகிறது. கூண்டின் கதவும் சட்டமும் நன்றாகப் பொருந்துவதும் முக்கியம். நீண்ட மெல்லிய இடுக்கு ஒன்று இருந்தாலும் அலை கசியும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, மின்கம்பி. கூண்டுக்குள் மின்சாரம் செல்ல ஒரு கம்பி வேண்டுமல்லவா? அந்தக் கம்பி வழியே இரைச்சல் வெளியே வந்து, சுவருக்குள் ஓடும் கம்பிகளில் ஏறி, அடுத்த வீட்டுக்கும் போய்விடும். கூண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. எனவே, கம்பி கூண்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். அதற்குள் இரண்டு பொருள்கள் உண்டு. முதலாவது, வளையத்தில் சுற்றிய கம்பிச்சுருள். 1831இல் ஊசியைத் துள்ளவைத்த அதே வளையத்தின் பேரப்பிள்ளை இது. மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, சுருள் அதனை அவ்வளவு வலுவாக எதிர்க்கும். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மட்டுமே அதிர்வதால், அது எளிதாகக் கடந்துவிடும். இலட்சக்கணக்கில் அதிரும் இரைச்சல் அங்கே தடுக்கப்படும். இரண்டாவது, மின்தேக்கி. இது விரைந்து அதிரும் இரைச்சலை மட்டும் நிலத்துக்குத் திருப்பிவிடும். லேடன் சாடியின் வழிவந்த இந்தச் சிறிய பொருளின் கொள்திறனை அளக்கும் அலகின் பெயர் ஃபாரட். அந்தப் பெயர் யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய வளையத்தைப் பார்க்க டெஸ்லா சுருள் உள்ள வீட்டைத் தேடிப் போக வேண்டாம். சில மடிக்கணினிகளின் மின்கம்பியில், நுனிக்குச் சற்று முன்னால், விரல் பருமனில் ஓர் உருளை புடைத்திருக்கும். அதற்குள் இருப்பது ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான வளையம். கணினியின் இரைச்சல் கம்பியில் ஏறாமல் அது காவல் காக்கிறது.

இவை தவிர, ஆர்வலர்கள் மற்றொன்றையும் செய்கிறார்கள். சுருளை முடுக்குவதற்கு முன், மின்கலத்தால் இயங்கும் சிறிய வானொலி ஒன்றை மத்திய அலையில் திறந்து, அதனைக் கூண்டிலிருந்து சில மீட்டர் தள்ளி வைக்கிறார்கள். சுருள் இயங்கும்போது ஒருவர் அந்த வானொலியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கிறார். கரகரப்பு எங்கே கூடுகிறதோ அங்கே கசிவு. கதவு இடுக்கில் கூடினால் வலையை இறுக்குகிறார்கள். சுவர் ஓரமாக மின்கம்பி ஓடும் இடத்தில் கூடினால் வடிகட்டியைச் சரிபார்க்கிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு கேட்டது என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு சுருளை நிறுத்திவிட்டு, மின்தேக்கியில் எஞ்சியுள்ள மின்னூட்டத்தை வடித்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூண்டருகே செல்கிறார்கள்.